பழைய கோம்பி வேனுக்கு 185ஆர்14சி: எடையும் வயதும் பார்த்து வாங்கிய டயர்கள்

சாலையைப் பிடிக்கும் பட்டன் தேயாத டயரைக் கழற்றிப் போட யாருக்கும் மனம் வராது. என்னுடைய 1969ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் டி2 (கோம்பி) கேம்பர் வேனின் டயர்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மாற்றுகிறாய்?" பட்டன்களுக்கு நடுவே பள்ளங்கள் ஆழமாக இருந்தது உண்மை. சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டரைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கும். ஆனால் டார்ச் அடித்துப் பக்கச்சுவரைப் பார்த்தால் வேறு கதை. ரிம் விளிம்பை ஒட்டி, முடி பருமனில் வெடிப்புகள் வட்டமாக ஓடின. கட்டைவிரலால் அழுத்தினால் அவை வாய் திறந்தன. உள்ளே ரப்பர் சாம்பல் நிறமாக உலர்ந்து கிடந்தது.

டயரின் வயதைக் கண்டுபிடிப்பது எளிது. பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஆனால் அந்த நான்கு இலக்கங்கள் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். பொருத்தியவர் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பியிருந்தால், வெளியே நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. அட்டையை விரித்து வண்டிக்கடியில் படுத்துப் படித்தேன்: 3211. அதாவது 2011ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். பத்து ஆண்டு ஆனால், பார்க்க எப்படி இருந்தாலும் டயரை மாற்றிவிடச் சொல்லி மிஷெலின் போன்ற நிறுவனங்களே அறிவுறுத்துகின்றன. என்னுடையவை அந்தக் கெடுவைத் தாண்டி வெகுநாளாகிவிட்டது.

சிங்கப்பூரில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது தனியான சிக்கல். 35 வயதைக் கடந்த வண்டியை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் திட்டத்தில் பதிவு செய்தால், ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம். மற்ற நாளெல்லாம் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். டயர் ரப்பரில் கலந்திருக்கும் மெழுகும் காப்புப் பொருள்களும், டயர் உருண்டு வளைந்து நிமிரும்போதுதான் மேற்பரப்புக்குக் கசிந்து வந்து வெடிப்பைத் தடுக்கின்றன. நின்றுகொண்டே இருக்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. இங்கே வெயிலுக்கும் வெப்பத்துக்கும் ஓய்வும் இல்லை. நம் பழைய வண்டிகளின் டயர்கள் தேய்ந்து சாவதில்லை, காய்ந்து சாகின்றன. பள்ளத்தின் ஆழத்தை வைத்து அவற்றை மதிப்பிடுகிறவர்கள் தவறான இடத்தைப் பார்க்கிறார்கள்.

வாங்கப் போகும்போது நான் மனத்தில் வைத்திருந்தவை இரண்டே: எவ்வளவு எடை தாங்கும், எப்போது செய்தது. கம்பெனிப் பெயரும் பட்டன் அமைப்பும் அதற்குப் பிறகுதான்.

எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். பாசிர் பாஞ்சாங் துறைமுக முனையத்தில் பாரந்தூக்கிகளைப் பராமரிப்பது என் வேலை. ஒரு கம்பிவடத்தின் மீது எழுதியிருக்கும் எண்ணைப் படிக்காமல் அதில் கொக்கி மாட்டுகிறவனை எங்கள் தளத்தில் நிற்க விடமாட்டோம். டயரிலும் அதே போன்ற எண் இருக்கிறது. 102/100ஆர் என்று எழுதியிருந்தால், 102 என்பது ஒற்றைச் சக்கரமாகப் பொருத்தும்போது டயர் ஒன்று 850 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. 100 என்பது லாரிகளில் போல இரட்டைச் சக்கரமாகப் பொருத்தினால் 800 கிலோ. ஆர் என்பது மணிக்கு 170 கிலோமீட்டர் வரை என்ற வேக வரம்பு. என் வேனில் இருப்பது 1,584 சிசி, 47 குதிரைத்திறன் இயந்திரம். நம் விரைவுச்சாலையில் உச்ச வரம்பு 90, மலேசிய நெடுஞ்சாலையில் 110. வேக எழுத்தைப் பற்றி இந்த வண்டிக்காரர்கள் கவலைப்படவே வேண்டாம். எடை எண்ணைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

ஏனென்றால் இது வெறும் கார் அல்ல. படுக்கை, அலமாரி, தண்ணீர்த் தொட்டி, அடுப்பு, நான்கு பேர், அவர்களுடைய பைகள் எல்லாம் ஏறினால் 2,200 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டேன். இயந்திரம் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. எனவே பாதிக்கு மேற்பட்ட எடை பின்னால்தான். 55 விழுக்காடு என்று வைத்தாலே பின்னால் 1,210 கிலோ, ஒரு டயருக்கு 605.

இந்தக் கணக்கோடு முதலில் நான் போனது, வாடிக்கையாளர்கள் காப்பி குடித்தபடி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காத்திருக்கும் பெரிய டயர் கடை ஒன்றுக்கு. அங்கே இருந்தவர் வண்டியைச் சுற்றி வந்து பாராட்டினார், படம் எடுத்துக்கொண்டார். பிறகு 185/65ஆர்14 கார் டயரைக் காட்டி, "14 அங்குலத்துக்கு 14 அங்குலம், அப்படியே உட்கார்ந்துவிடும்" என்றார். உட்காரத்தான் செய்யும். அந்த டயரின் எடை எண் 86, அதாவது 530 கிலோ. என் பின்சக்கரம் சுமக்க வேண்டியது 605. அதைச் சொன்னதும், "காற்றைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்" என்றார். அந்த டயரில் எவ்வளவு காற்று அடித்தாலும் 530 கிலோ 530 கிலோதான். ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வெளியூர் போகிற வண்டிக்கு இப்படிப் பதில் சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேச எனக்கு ஒன்றும் இல்லை.

எடையை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் அந்த அளவு பொருந்தாது. இந்த வேனுக்குரிய அளவான 185ஆர்14சி டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். 185/65ஆர்14இன் விட்டம் 596. சக்கரம் சிறுத்தால், அதே வேகத்துக்கு இயந்திரம் 9 விழுக்காடு கூடுதலாகச் சுழல வேண்டும். காற்றால் குளிரும் இந்தப் பழைய இயந்திரத்தை நம் ஊர் வெப்பத்தில் இன்னும் வேகமாகச் சுற்றவிடுவது அதன் ஆயுளைக் குறைப்பது. வேகமானியும் பொய் சொல்லும்: 90இல் போகும்போது 98 காட்டும்.

அளவின் முடிவில் வரும் சி என்ற எழுத்துதான் இந்த வேன்களுக்கு உயிர்நாடி. சரக்கு வண்டிக்கான டயர் என்பதன் அடையாளம் அது. உள்ளே கூடுதல் வலு, பக்கச்சுவரில் விறைப்பு. உயரமான, பின்பாரமான இந்த வண்டியில் மெல்லிய பக்கச்சுவர் கொண்ட கார் டயரைப் போட்டு ஓட்டுவது, தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மெத்தையின் மேல் நடப்பது போல. பக்கக்காற்று அடித்தால் வண்டி முதலில் சாயும், பிறகு நெளியும், அதன் பிறகுதான் ஸ்டியரிங் பேச்சைக் கேட்கும்.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவிலும் விசாரித்தேன். விலை குறைவு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு கடையில் 185ஆர்14சி கையிருப்பில் இருந்தது. தயாரிப்பு எண்ணைப் பார்த்தபோது, கிடங்கிலேயே மூன்று ஆண்டுக்கு மேல் கிடந்தவை என்று தெரிந்தது. தினமும் ஓடும் டெலிவரி வேனுக்கு அது பெரிய குறையில்லை, இரண்டே ஆண்டில் தேய்த்துவிடுவார்கள். என்னைப் போன்று வயதாகித்தான் மாற்றுகிறவனுக்கு, மூன்று ஆண்டு என்பது டயரின் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு. வேண்டாமென்று திரும்பிவிட்டேன்.

கடைசியில் வேலையை முடித்துக் கொடுத்தது காக்கி புக்கிட்டில், வண்டிப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் உள்ள சிறிய கடை. பெயர் எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். இருக்கும் வாடிக்கையாளர்களைக் கவனிக்கவே நேரம் சரியாக இருக்கிறதாம். எழுபதை நெருங்கும் சீனப் பெரியவர். எல்லாரும் அங்கிள் என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான். கூடவே சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் ஒரு தம்பி.

அங்கிள் கேட்ட முதல் கேள்வியே எனக்கு நம்பிக்கை தந்தது. "முழுச் சாமானோடு எவ்வளவு எடை?" டயர் கடையில் இதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். கணக்கைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, "185ஆர்14சி, எட்டடுக்கு வலுவுள்ள 8 பிளை. கையில் இல்லை, வரவழைக்க வேண்டும். புதிதாகச் செய்ததாகப் பார்த்து வாங்கித் தருகிறேன்" என்றார். முன்பணம் கேட்கவில்லை. இந்த அளவு அரிதானதும் அல்ல. இந்த வட்டாரத்தில் சிறிய சரக்கு வேன்களுக்கு இன்னமும் ஓடுகிற அளவு. மிஷெலின் அஜிலிஸ் இந்த அளவில் வந்திருக்கிறது, மாக்சிஸிலும் உண்டு. எனக்குக் கிடைத்தது கொரியாவின் ஹன்கூக் நிறுவனத்து வான்ட்ரா எல்டி ஆர்ஏ18, 102/100ஆர். வந்து இறங்கியதும் அங்கிள் ஒவ்வொரு டயரையும் சுவரோரம் நிறுத்தி, நான்கு இலக்கங்களும் என் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்துக் காட்டினார். எல்லாம் நான்கு மாதத்துக்குள் செய்தவை.

வேலை நடந்த விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்கு அங்கே தடையில்லை. என் வண்டியில் இப்போது இருக்கும் ரிம்களில், டயர் விளிம்பு உள்ளே நழுவாமல் தடுக்கும் மேடு கிடையாது. அப்படிப்பட்ட ரிம்மில் ட்யூப் இல்லாமல் ஓட்டினால், வளைவில் காற்றுக் குறைந்த டயர் ரிம்மை விட்டு விலகிக் காற்று மொத்தமும் ஒரே நொடியில் வெளியேறிவிடலாம். தம்பி ரிம்மின் உள்விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதற்கு ட்யூப் போட்டே ஆக வேண்டும்" என்றார். ரேடியல் டயருக்கென்று தனியாக வரும் ட்யூப்களை எடுத்தார். டயரின் உட்புறம் ஒட்டியிருந்த காகிதச் சீட்டைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தார். ஏன் என்று கேட்டேன். "சீட்டின் ஓரம் ட்யூபை உரசிக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்தில் ஓட்டை விழும். பஞ்சர் ஒட்டுகிறவன் ஆணியைத் தேடுவான், ஆணியே இருக்காது." பிறகு டயருக்குள் வெள்ளைத் தூளைத் தூவி, கையால் சுற்றிலும் தேய்த்தார். ட்யூபைச் செருகிக் கொஞ்சம் காற்று ஏற்றி, மடிப்பு இல்லையென்று தடவிப் பார்த்து, காற்றை இறக்கி, மறுபடி ஏற்றினார். இந்த இரண்டாம் ஏற்றத்தைத் தவிர்த்துவிடும் கடைகள் உண்டு. உள்ளே மடிந்து போன ட்யூப் அந்த மடிப்பிலேயே கிழியும்.

அடுத்தது பேலன்சிங், அதாவது சக்கரம் அதிராமல் சுழல ஈயக்கட்டி வைத்து எடையைச் சமன்படுத்துவது. ஆரம்பகால டி2 வேன்களின் ரிம்மில் ஐந்து துளைகள் 205 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும். 1971ஆம் ஆண்டு மாடலிலிருந்து அது 112 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. பழைய ரிம்மின் நடுத்துளை மிகப் பெரியது. இன்றைய பேலன்சிங் எந்திரத்தின் கூம்பு அதற்குள் முழுசாகப் புகுந்து விழுந்துவிடும். வேறு கடைகளில், "எந்திரத்தில் நிற்காது, பேலன்சிங் இல்லாமலே ஓட்டிக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்பிய அனுபவம் இந்த வேன் வைத்திருக்கும் நண்பர்கள் சிலருக்கு உண்டு. அங்கிள் மாடிக் கிடங்குக்குப் போய், எண்ணெய்த் துணியில் சுற்றிய கனமான எஃகுத் தட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். பழைய பீட்டில் கார்களுக்கும் இதே 205 வட்டம்தான். அந்தக் கார்கள் இந்த ஊர்ச் சாலைகளில் நிறைந்திருந்த காலத்தில் வாங்கியது என்றார். தட்டை எந்திரத்தில் மாட்டி, ரிம்மை அதன் ஐந்து துளைகளாலேயே பிடிக்க வைத்தார். நடுத்துளை அளவு பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வண்டியில் சக்கரம் எந்த ஐந்து போல்ட்டில் நிற்கிறதோ, எந்திரத்திலும் அதே ஐந்து இடத்தில் நிற்கிறது. இதைவிடச் சரியான முறை கிடையாது. ஒரு சக்கரத்தில் ஈயக்கட்டி அளவுக்கு மேல் கேட்டது. அதோடு விட்டுவிடாமல் டயரை ரிம்மில் அரைச்சுற்று திருப்பி உட்கார வைத்து மறுபடி பார்த்தார். தேவைப்பட்ட எடை பாதியாகக் குறைந்தது. அந்தக் கூடுதல் வேலைக்கு அவர் காசு சேர்க்கவில்லை.

போல்ட் முறுக்கும்போது காற்றில் ஓடும் ஸ்பானரைக் கடைசிவரை பயன்படுத்தவில்லை. கையால் தொடங்கி, குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்கி, முடிவில் அளவு காட்டும் ஸ்பானரால் 130 நியூட்டன் மீட்டர். ஜாக்கி வைக்கும் முன், வண்டியின் அடிப்பகுதியில் துரு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார்கள். இந்த வேன்களில் ஜாக்கி இடம் உள்ளுக்குள்ளேயே அரித்துப் போயிருந்தால், வண்டி தகரத்தைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும்.

டயர் ஒன்று நூறு சிங்கப்பூர் வெள்ளிக்குச் சற்று மேல். ட்யூபுக்கும் கூலிக்கும் தனியாக. மலிவு என்று சொல்லமாட்டேன், நியாயமான விலை. ஸ்பேர் டயரையும் சேர்த்து மாற்றினேன். அலமாரிக்குள் வெயில் படாமல் இருந்தாலும் அதற்கும் அதே வயதுதான்.

ஓட்டும்போது எப்படி? மலேசியாவுக்குப் போகும் துவாஸ் இரண்டாம் பாலத்தில் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும். பழைய டயர்களோடு அங்கே இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தடத்துக்குள் வண்டியை நிறுத்தப் போராட வேண்டும். இப்போதும் காற்று தள்ளுகிறது. இந்த வண்டியின் உயரத்துக்கு அது தவிர்க்க முடியாதது. ஆனால் தள்ளியதும் வண்டி ஒரே அசைவோடு நின்றுவிடுகிறது, அதன் பிறகு நெளிவதில்லை. மலேசியாவின் கேமரன் மலையில், தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறும் மலைச்சாலையில் மழை பிடித்துக்கொண்டது. வளைவுக்கு வளைவு, முழுச் சாமானோடு, பின்பக்கம் ஒருமுறைகூட வழுக்கவில்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே வைத்து இறங்கினேன். நனைந்த சாலையில் பிரேக்கை மிதித்தபோதும் வண்டி நேர்கோட்டிலேயே வேகம் குறைந்தது. என் மனைவி வழியெல்லாம் பக்கத்து இருக்கைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வருகிறவள். இந்தப் பயணத்தில் அவள் மலைச்சரிவிலிருந்த தேயிலைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சி டயர் என்பதற்குரிய விறைப்பு இருக்கிறது. வண்டி காலியாக இருக்கும்போது பாலங்களின் இணைப்புகளும் சாலை மேடுகளும் முதுகுக்குத் தெரியும். சாமான் ஏற்றினால் அது பெருமளவு அடங்கிவிடுகிறது. 70க்கு மேல் ஒரு சீரான இரைச்சல் கேட்கிறது, பின்னால் இயந்திரம் போடும் சத்தத்துக்கு முன் அது ஒன்றும் பெரிதல்ல. மெத்தென்ற ஓட்டம்தான் வேண்டும் என்றால் இந்த வகை டயர் உங்களுக்கு ஏற்றதல்ல, ஆனால் இந்த வண்டிக்கு ஏற்றது இந்த வகைதான்.

காற்றழுத்தம் பற்றி ஒரு வார்த்தை. 850 கிலோ தாங்கும் என்பது 65 பிஎஸ்ஐ காற்று இருக்கும்போது மட்டும். காற்றைக் குறைத்தால் தாங்கும் எடையும் குறையும். நான் முன்னால் 30, பின்னால் 40 வைக்கிறேன். முழுச் சாமானோடு கிளம்பும்போது பின்னால் 44. டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது வீட்டிலிருந்து கிளம்பியதும் முதல் பெட்ரோல் நிலையத்திலேயே அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரை அளந்து, கூடுதலாக இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடுகிறவர்கள் டயரைப் பட்டினி போடுகிறார்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு வைப்பதும் தவறு. பின்பாரமான இந்த வண்டி அப்போது வளைவில் வாலை வீசும்.

வெள்ளைப் பட்டை டயர் போடவில்லையா என்று பலர் கேட்டார்கள். டயருக்கும் ரிம்முக்கும் நடுவே செருகும் வெள்ளை ரப்பர் வளையம் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. ஓட ஓட அது பக்கச்சுவரை உரசித் தேய்க்கும். படம் எடுக்கும் நாளுக்கு மாட்டிக் கழற்றலாம், நெடுஞ்சாலைக்கு வேண்டவே வேண்டாம்.

டயர் மாற்றும் முன் ரிம்களைச் சுரண்டி வண்ணம் பூசியிருந்தேன். அதைக் கவனித்த அங்கிள், 80 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்ப வரச் சொன்னார். புது வண்ணம் போல்ட்டுக்கு அடியில் நசுங்கி இடம் கொடுக்கும், இறுக்கம் தளரும் என்றார். போனேன். பின்னால் இடதுபக்கச் சக்கரத்தில் இரண்டு போல்ட்டுகள் கால்சுற்று உள்ளே போயின. தம்பி இருபது போல்ட்டையும் மறுபடி 130க்கு வைத்து, ஸ்பேர் டயரின் காற்றையும் பார்த்துவிட்டு அனுப்பினார். அதற்குக் கட்டணம் இல்லை. ரிம்முக்கு வண்ணம் பூசியவர்கள் இந்த இரண்டாம் முறுக்கை அடுத்த வாரத்துக்கென்று தள்ளிப்போடாதீர்கள்.